கிளிண்டனின் கால்வாயும் ஒரு வாளித் தண்ணீரும்

வணக்கம் ஐயா,

நியூயார்க் கவர்னர் டிவிட் கிளிண்டன் ஈரி கால்வாயைத் தனி மனிதராக வெட்டி முடித்தார் என்று படித்தேன். அவரை அந்தப் பதவியில் நியமித்தது யார்? அப்படிப்பட்டவர் ஏன் ஜனாதிபதி ஆகவில்லை? கால்வாயில் அவருக்கு என்ன லாபம்?

எம்.

அன்புள்ள எம்.,

அங்கே கவர்னரை யாரும் நியமிப்பதில்லை. ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும். ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். 1812ல் அப்போதைய ஜனாதிபதி மாடிசனிடம், மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் ஓட்டில் 128க்கு 89 என்று தோற்றார். அதை விடுங்கள்.

‘தனி மனிதராக’ என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. 363 மைல் நீளம், மேலே 40 அடி அகலம், அடியில் 28, ஆழம் 4 அடி. இதை ஒருவர் வெட்டுவாரா? கிளிண்டனின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. 1817 ஜூலை 1ல் பதவியேற்றார். 4ம் தேதி ரோம் என்ற ஊரில் மண் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ரோம் கால்வாயின் நடுப்பகுதி. ஏன் ஒரு முனையிலிருந்து தொடங்கவில்லை? அங்கேதான் தரை சமம், மண் இளக்கம், படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்கும் ‘லாக்’ என்ற தொட்டிகளைக் கட்டும் வேலை குறைவு. ‘கிளிண்டனின் சாக்கடை’ என்று கேலி செய்தவர்களுக்கு இரண்டே வருஷத்தில் படகு ஓட்டிக் காட்ட முடிந்தது. பாறையும் மேடும் உள்ள பக்கத்தில் தொடங்கியிருந்தால் பணத்தை நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் தண்ணீரை நிறுத்துவது பணத்தைவிடக் கஷ்டம். கால்வாயின் ஒரு முனையான ஈரி ஏரிக்கரை ஊர் பஃபலோவுக்கும் மறுமுனையான ஹட்சன் ஆற்றுக்கும் இடையே ஏறக்குறைய 570 அடி உயர வித்தியாசம். அதற்கு 83 லாக். ஒவ்வொன்றும் 90 அடி நீளம், 15 அடி அகலமுள்ள கல்தொட்டி, இரு முனையிலும் கதவு. அந்தக் கல்லை எதை வைத்து ஒட்டுவது? சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தண்ணீருக்குள் இறுகாது, மெல்லக் கரைந்து இடுக்கு திறக்கும், கல் அசையும். நீருக்குள் இறுகும் சிமெண்டைக் கடல் தாண்டி வரவழைத்தால் விலை கட்டாது.

கான்வஸ் ஒயிட் என்ற இளம் பொறியாளர் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள கால்வாய்களை நடந்தே பார்த்துவிட்டு வந்திருந்தார். 1818ல் சிட்டனாங்கோ பக்கம் சுட்ட ஒரு கல், தண்ணீர் தெளித்தும் நீறவில்லை, அதாவது சுண்ணாம்பு போலப் பொடியாகவில்லை. மட்டக்கல் என்று வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். அதுதான் வேண்டிய கல்! களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் அப்படித்தான், சூளையில் களிமண்ணோடு சேர்ந்துவிடுவதால் நீறுவதற்குச் சுண்ணாம்பு மிஞ்சாது. அதை இடித்து, அரைத்து, மணலோடு குழைத்து, உருண்டை பிடித்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். காலையில் எடுத்துத் தரையில் உருட்டினால் கல்லாக உருண்டது. சூளையில் நீறாத கல்லைத் தூக்கி எறிந்திருந்தால் உங்கள் ‘தனி மனிதர்’ என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். ஒயிட் 1820ல் காப்புரிமை வாங்கினார். ஒப்பந்தக்காரர்கள் சிமெண்டை அள்ளிப் பூசினார்கள், உரிமைத் தொகையை மட்டும் தரவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். ஒரு மனிதரை நேசித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், அது புரிகிறது. 1824 ஏப்ரலில் எதிரணியினர் கிளிண்டனைக் கால்வாய்க் குழுவிலிருந்தே தூக்கினார்கள். சம்பளமில்லாத பொறுப்பு அது. ஊர் கொதித்தது, நவம்பரில் அவரையே மறுபடி கவர்னராக்கியது. 1825 நவம்பர் 4ல் ஈரி ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்து நியூயார்க் கடலில் ஊற்றினார். பஃபலோவிலிருந்து டன்னுக்கு 100 டாலராக இருந்த சரக்குக்கூலி 10க்கும் கீழே இறங்கியது.

லாபம் கேட்டீர்கள். 1828 பிப்ரவரியில், பதவியில் இருக்கும்போதே, கடனோடு இறந்தார். சொந்தக் கல்லறைக்கு வழியில்லாமல் நண்பர் ஒருவரின் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். புரூக்ளினில் அவருக்கென்று ஒரு இடம் 1844ல்தான் கிடைத்தது.