ஜான் யங்: சோதனை விமானியாக இருந்து விண்வெளிக்குப் போனவர் – கேள்வி பதில்

அமெரிக்கக் கடற்படையில் சோதனை விமானியாக இருந்து நாசாவுக்குப் போன ஜான் யங் (1930–2018) பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நாசாவின் ஜெமினி, அப்போலோ, ஸ்பேஸ் ஷட்டில் என்ற மூன்று விண்கலத் திட்டங்களிலும் பறந்த ஒரே மனிதர் அவர்தான். எனக்கு மிகவும் பிடித்த விண்வெளி வீரரும்கூட.

கேள்வி: சோதனை விமானி என்றால் உயிரைத் துச்சமாக நினைக்கிற ஆள்தானே, அண்ணா?

இல்லை தம்பி. அப்படிப்பட்டவர் இந்த வேலைக்கு ஆகவே மாட்டார். இந்த உயரத்தில், இந்த வேகத்தில் விமானம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சோதனை விமானி அதே உயரத்துக்கு, அதே வேகத்தில் போய், கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்ப்பார். தரையிறங்கியதும் பொறியாளருக்குப் புரிகிற மாதிரி அதை எழுதிக் கொடுக்க வேண்டும். யங் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தவர். 1962இல் ஃபேன்டம் போர் விமானத்தில் 3,000 மீட்டர் உயரத்தை 35 வினாடிக்குள் எட்டி உலக சாதனை செய்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாகசம். ஆனால் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பது வரை முன்கூட்டியே கணக்குப் போட்டால்தான் அப்படி ஏற முடியும்.

கேள்வி: நாசா ஏன் ஆரம்பத்தில் சோதனை விமானிகளை மட்டும் எடுத்தது?

1959இல் முதல் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது ராணுவச் சோதனை விமானிகள் போதும் என்று அதிபர் ஐசனோவர் முடிவு செய்தார். அவர்களுடைய உடல்நிலை, படிப்பு, பறந்த நேரம் எல்லாம் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தன. ரகசியம் காக்கவும் பழகியவர்கள். 1962இல் யங்கோடு சேர்ந்த இரண்டாவது அணியில் ராணுவத்தில் இல்லாத சோதனை விமானிகளுக்கும் இடம் கிடைத்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் அப்படி வந்தவர்தான்.

கேள்வி: விண்கலத்துக்குள் சாண்ட்விச்சை ஒளித்து எடுத்துப் போனவர் இவரா?

ஆமாம், 1965இல், ஜெமினி 3இல். பெரிய சர்ச்சை ஆனது. அதே பயணத்தில்தான் மனிதர்கள் முதல்முறையாக விண்கலத்தின் சுற்றுப்பாதையை மாற்றினார்கள். பேச வேண்டியது அதைத்தான்.

கேள்வி: அவர் செய்ததிலேயே எது கடினமானது சார்? நிலவில் இறங்கியதா?

1972இல் அப்போலோ 16இன் தளபதியாக நிலவில் நடந்தார், ரோவர் என்ற நிலவு வண்டியை ஓட்டினார். சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் என் கணக்கில் 1981 ஏப்ரல் 12தான் பெரியது. அன்று கொலம்பியா ஷட்டில் முதல்முறையாக விண்வெளிக்குப் புறப்பட்டது. அதற்கு முன் எந்த ஷட்டிலும் ஆளில்லாமல்கூட சுற்றுப்பாதைக்குப் போனதில்லை. யங்குக்கு 50 வயது. உடன் பறந்த ராபர்ட் கிரிப்பனுக்கு அதுதான் முதல் விண்வெளிப் பயணம். ஏவும்போது கிரிப்பனின் இதயத் துடிப்பு சுமார் 130, யங்குடையது சுமார் 90.

ஷட்டிலை மேலே தள்ளும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் தீப்பற்றிய நொடியில் எழுந்த அழுத்த அலை, எதிர்பார்த்ததைவிட மிகப் பலமாக இருந்தது. ஷட்டிலின் வாலடியில் இருக்கும் பாடி ஃபிளாப் என்ற பலகையை அது அனுமதித்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டது. உள்ளே இருந்த இருவருக்கும் இது தெரியாது. அப்போதே தெரிந்திருந்தால், பாதுகாப்பான உயரத்துக்குப் போனதும் இருக்கையோடு வெளியே குதித்திருப்பேன் என்று யங் பிறகு சொன்னார். வீரம் காட்ட அவர் பறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திரும்பி வரும்போதும் கணக்கு தப்பியது. அதிவேகத்தில் ஷட்டில் மூக்கைத் தூக்கப் பார்த்தது. அதைச் சமாளிக்க, அதே பாடி ஃபிளாப் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சாய வேண்டியிருந்தது. எட்வர்ட்ஸ் விமானத் தளத்தின் வறண்ட ஏரிப்படுகையில் இறங்குகையில், எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி மிதந்துபோய்த்தான் சக்கரம் தரையைத் தொட்டது. யங் வெளியே வந்ததும் நேராக ஷட்டிலுக்கு அடியில் போய், வெப்பத் தடுப்பு ஓடுகளையும் சக்கரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தப் படச்சுருளைத் தேடிப் பாருங்கள். சோதனை விமானி எப்படி இருப்பார் என்று அதில் தெரியும்.

கேள்வி: சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு அவரை ஏன் ஓரங்கட்டினார்கள்?

1986இல் சேலஞ்சர் ஷட்டில் வானில் சிதறிய அந்த விபத்தின்போது அவர் விண்வெளி வீரர்கள் பிரிவின் தலைவர். பாதுகாப்பில் இருந்த ஓட்டைகளைப் பட்டியல் போட்டு மேலிடத்துக்குக் கடுமையான குறிப்புகள் எழுதினார். அவை பத்திரிகைகளிலும் வந்தன. 1987இல் அந்தப் பதவி போனது. பொறியியல், பாதுகாப்பு பற்றிய ஆலோசகராக மாற்றினார்கள். எழுதியதற்கான தண்டனை என்றே பலரும் பார்த்தார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவரோ 2004இல் ஓய்வு பெறும் வரை எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

கேள்வி: இப்போதும் நாசாவுக்குப் போக சோதனை விமானியாக இருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறையில் முதுகலைப் பட்டம் வேண்டும். சோதனை விமானிப் பள்ளியை முடித்தவருக்கு அதையே முதுகலைக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், துறை அனுபவமோ, பெரும்பாலும் ஜெட் விமானத்தில் பொறுப்பு விமானியாகப் பறந்த 1,000 மணி நேரமோ இருக்க வேண்டும். மருத்துவர்களும் நிலவியலாளர்களும் போகிறார்கள். ஆனால் ஒரு புதுக் கலம் முதன்முதலில் ஆட்களோடு கிளம்பும்போது, அதில் சோதனை விமானிகளை உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2020இல் ஸ்பேஸ்எக்ஸின் டிராகனில் முதலில் போன டக் ஹர்லியும் பாப் பென்கனும் ராணுவச் சோதனை விமானப் பள்ளிகளில் படித்தவர்கள்தான்.