கேள்வி பதில்: முகநூல் நம்மைச் சேர்த்து வைக்குமா?

போர் முடிந்து இத்தனை வருடமாகியும் முகநூலைத் திறந்தால் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் திட்டுவதைத்தான் பார்க்கிறேன். இதை வைத்து நல்லிணக்கம் வரும் என்று சிலர் பேசுவதை எப்படி நம்புவது? – வாசகி, வவுனியா

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் திட்டுகிறவர்களை விட, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் போவதுதான் எனக்குப் பெரிய பயம்.

2018 பிப்ரவரி கடைசியில் அம்பாறையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மாவுக் கட்டி ஒன்று கிடந்தது. சாப்பிட வந்தவர் அதைச் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பயத்தில், ஆமாம் போட்டோம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அதை ஒருவர் போனில் பிடித்தார், அது முகநூலில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. அன்று இரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளரும் சொன்னார். ஆனால் அதற்குள் அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகன, தெல்தெனிய என்று எரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஒரு ஆள் அன்று அந்தக் கடையில் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இதே முகநூலில்தான் 2022இல், ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லி, கொழும்பு காலிமுகத்திடலுக்கு ஆட்கள் திரண்டார்கள். அந்த மே 18ஆம் தேதி அங்கே போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றி, கஞ்சி கொடுத்தார்கள். 2009இல் ஷெல்லடிக்கு நடுவே எங்கள் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த, அரிசியும் உப்பும் தண்ணீருமான அதே கஞ்சி. அதைச் சிங்களப் பிள்ளைகள் கையில் வாங்கி நின்ற படங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நாள் கஞ்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் அந்தக் கஞ்சி ஏன் என்று சிங்களத்தில் யாரோ எழுதியதால்தான் தெற்கில் பலருக்கு அது முதல்முறையாகத் தெரிய வந்தது. உங்களுக்குச் சிங்களம் தெரிந்தால், தயவுசெய்து, தமிழில் நாலு பதிவு போடுவதற்குப் பதில் சிங்களத்தில் ஒன்று போடுங்கள்.

கலவரம் வந்தால் 2018இல் செய்தது போல முகநூலை முடக்கிவிடுவதுதானே சரி? – வாசகர், மாத்தளை

இல்லை என்றே நினைக்கிறேன். மார்ச் 7ஆம் தேதி முடக்கினார்கள், அதற்கு முன்பே கடைகளும் வீடுகளும் எரிந்துவிட்டன. அப்புறம் ஒரு வாரம் வதந்தியை மறுக்க நினைத்தவர்களுக்கும் வழி இல்லாமல் போனது. உண்மையான கோளாறு வேறு இடத்தில். சிங்களத்தில் வந்த கொலைமிரட்டல்களைப் படித்துப் பார்க்க அந்த நிறுவனத்திடம் அப்போது போதுமான ஆட்களே இருக்கவில்லை. 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு சரி, ஆட்களைப் போட்டார்களா என்றுதான் விடாமல் கேட்க வேண்டும்.

2017இலிருந்து வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து, கீழே சிங்கள மொழிபெயர்ப்பு வரிகளோடு முகநூலில் போட விரும்புகிறேன். செய்யலாமா? – வாசகர், கிளிநொச்சி

கட்டாயம் செய்யுங்கள். ஆனால் முதலில் கேமராவை எடுக்காமல் அம்மாவோடு போய் உட்காருங்கள். இது தெற்கிலும் பார்க்கப்படும், கீழே அசிங்கமாகவும் எழுதுவார்கள், விசாரணை என்று யாராவது வீட்டுக்கு வரவும்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முகம் காட்டலாமா, பேர் போடலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அழுகிற இடத்தை மட்டும் வெட்டிப் போடாதீர்கள், மகன் என்ன படித்தான், எந்தக் கறிக்கு அடம்பிடிப்பான் என்று அவர் சொல்வதையும் வெட்டாமல் வையுங்கள், சிங்கள அம்மா ஒருத்திக்கு அதுதான் சட்டென்று ஒட்டும். சிங்கள வரிகளை மெஷின் மொழிபெயர்ப்பில் விட்டுவிடாமல் அந்த மொழியில் வளர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். போட்ட பிறகு முதல் இரண்டு நாள் கருத்துகளை நீங்களே பாருங்கள், அந்த அம்மாவின் பேரப்பிள்ளை அதைப் படிக்கும்.