முட்டையை உடைத்த பிறகும் செல் சுழற்சி தொடர்வது எப்படி?

உயிருள்ள செல் இல்லாமல், வெறும் தவளை முட்டைச் சாற்றில் செல் சுழற்சியை, அதாவது செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுத்து இரண்டாகப் பிரியும் தொடர் நிகழ்வை, எப்படி ஆராய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் நல்ல கேள்வி இது.

ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரியது. கருவுற்றபின் நடக்கும் முதல் 12 பிரிதல்களுக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாப் பொருள்களையும் தாய்த்தவளை அதில் முன்கூட்டியே சேமித்துவிடுவதால், புதிதாக மரபணுக்கள் இயங்கத் தேவையில்லை. ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளைப் பெறலாம், தவளையைக் கொல்வதில்லை.

ஜெல்லி உறையை நீக்கிய முட்டைகளைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழல் கருவியில் சுழற்றினால் மேலே மஞ்சள் கொழுப்பும், அடியில் கருவுணவும் நிறமியும், நடுவே செல்லின் உட்திரவமான சைட்டோபிளாசமும் பிரிந்து நிற்கும். குழாயின் பக்கவாட்டில் ஊசியைச் செருகி அந்த நடு அடுக்கை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள்; இதுவே முட்டைச் சாறு. முட்டைகளுக்கிடையே உள்ள கரைசலை முன்னதாகவே முழுமையாக வெளியேற்றுவதுதான் இதில் முக்கியம், ஏனெனில் நீர்த்துப்போன சாறு வேலை செய்யாது.

இதில் விந்தணுக் கருக்களைச் சேர்த்தால் கரு உறை உருவாகிறது, டி.என்.ஏ. நகலாகிறது, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்க்கோலும் அமைகிறது. 1989-இல் செல் உயிரியலாளர்கள் ஆண்ட்ரூ மர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் சாற்றிலிருந்த தூது ஆர்.என்.ஏ.க்களை (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறுகளை) அழித்துச் செல் சுழற்சியை நிறுத்தினர். பின்னர் சைக்ளின் என்ற ஒரேயொரு புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வைச் சேர்த்ததும் அது மீண்டும் தொடங்கியது. என் மதிப்பீட்டில், இத்தனை தெளிவான காரண நிரூபணம் செல் உயிரியலில் அரிது.

ஆனால் இச்சாறு காட்டுவது தொடக்கக் கருவின் வேகமான சுழற்சியை. அதன் முடிவுகளை முதிர்ந்த செல்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.