பெட்டிக்குள்ளே: அப்டேட்டுக்கு மறுநாள் காலை

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "அப்டேட் போட்டேன், கம்ப்யூட்டர் போச்சு." பேர் போட வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருக்குமே போடவில்லை.

கேள்வி: அக்கா, பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 7000 வரிசை பிராசசர், 32 ஜிபி டிடிஆர்5 ராம். நேற்று இரவு பயாஸ் அப்டேட் போட்டேன். 100 சதவீதம் ஓடி முடிந்து, தானே ரீஸ்டார்ட் ஆனது. அதோடு சரி. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. நண்பன் "விண்டோஸ் காலி, ஃபார்மட் அடிச்சிடு" என்கிறான். அடிக்கட்டுமா?

பதில்: திரையே வராத பெட்டியில் எப்படி ஃபார்மட் அடிப்பது என்று உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி, நானும் கற்றுக்கொள்கிறேன்.

பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் எழுந்திருப்பது மதர்போர்டு; அதற்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்தான் பயாஸ். அது பிராசசரைப் பார்க்கும், ராமைப் பார்க்கும், கிராஃபிக்ஸ் கார்டைப் பார்க்கும், கடைசியாகத்தான் டிஸ்க்கைத் தேடும். விண்டோஸ் அதற்கும் அப்புறம். உங்கள் பெட்டி டிஸ்க் வரைக்கும் வரவே இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் ஓர் ஓரமாக நாலு பொடி விளக்குகள் இருக்கும். பக்கத்தில் சிபியு, டிராம் (அதாவது ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மெசினை ஆன் செய்து, எந்த விளக்கு அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் அது டிராம் விளக்காக இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் வைத்தியம் ஒன்றுதான்: கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது.

ராமும் பிராசசரும் எந்த வோல்டேஜில், எந்த நேரக்கணக்கில் பேசிக்கொள்வது என்பதை போர்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிவு செய்யும். மெமரி டிரெயினிங் என்பார்கள். டிடிஆர்5-ல் இதற்கு நிமிஷக் கணக்கில் நேரம் பிடிக்கும். ஒருமுறை போட்ட கணக்கை போர்டு எழுதி வைத்துக்கொள்ளும். பயாஸ் அப்டேட் அந்தப் பழைய ஏட்டை அழித்துவிடுவதால், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். செத்துப்போன மாதிரியே இருக்கும்.

முதன்முதலில் ஒரு டிடிஆர்5 போர்டு என் கைக்கு வந்தபோது, இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஆஃப் செய்தேன். மறுபடி ஆன், மறுபடி இரண்டு நிமிஷம், ஆஃப். ராமைக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் முறை ஆன் செய்த நேரத்தில் ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் திரையில் பயாஸ் லோகோ நிற்கிறது! நான் ஆஃப் செய்த ஒவ்வொரு முறையும் அது பாதி பாடத்தில் எழுந்து வந்திருக்கிறது. எனவே கால் மணி நேரம் விடுங்கள். அந்த அறையிலேயே இருக்காதீர்கள், கை சும்மா இருக்காது.

கால் மணியிலும் வராவிட்டால், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அமுக்கிப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பயாஸ் செட்டிங்கைத் துடைக்க, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து நொடி தொடுங்கள். ராம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை ஏ2 ஸ்லாட்டில் மட்டும் மாட்டிப் பாருங்கள். நாலு ஸ்லாட் போர்டில் அது பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. க்ளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிராம் அணைந்து விஜிஏ விளக்கு நின்றால் வேறு கதை. பயாஸ் அப்டேட் எல்லா செட்டிங்கையும் தொழிற்சாலை நிலைக்குத் தள்ளிவிடும். சிஎஸ்எம் என்ற பழைய பாணி ஆதரவு இப்போதெல்லாம் அணைந்த நிலையில்தான் வருகிறது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அது இல்லாவிட்டால் திரையே வராது. உங்கள் பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால், கேபிளை மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றிப் பயாஸுக்குள் போய்விடலாம்.

கேள்வி: விளக்கு ஏதும் இல்லாத சாதா போர்டு என்னுடையது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதா, திரை மட்டும்தான் வரவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே ஆள் விழித்திருக்கிறார். மானிட்டர், கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போங்கள். மாறவே இல்லையென்றால் ராமிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் லோகோ வருகிறது, உடனே நீலத்திரை. "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்கிறது. ரிப்பேர் கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா மேடம்?

பதில்: எஸ்எஸ்டி அநேகமாக நன்றாகவே இருக்கும். நீங்கள் முன்பு பயாஸில் ஸ்டோரேஜ் மோடை (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையை) ரெய்டு என்றோ, இன்டெல் போர்டானால் விஎம்டி என்றோ வைத்து அதன்மேல் விண்டோஸ் போட்டிருப்பீர்கள். அப்டேட் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டது. அல்லது நேரெதிராக நடந்திருக்கும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது, பழகின டிரைவரைக் கொண்டு டிஸ்க்கைத் தேடுகிறது. வாசல் மாறிவிட்டதால் வீடு தெரியவில்லை. பயாஸுக்குள் போய்ப் பழைய மோடுக்கே மாற்றிச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எது பழைய மோடு என்று நினைவில்லை என்றால் ஒன்றை மாற்றிப் பார்த்து, சரிவராவிட்டால் மற்றதற்குத் திரும்பலாம். இதனால் டேட்டா அழியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் "ரெய்டு உருவாக்கு" என்று ஏதாவது பட்டன் தென்பட்டால் கிட்டேயே போகாதீர்கள். அது டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

இதே இடத்தில் ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயாஸ் அப்டேட் முடிந்ததும் சில போர்டுகள் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் (ரகசியச் சாவிகளைப் பத்திரப்படுத்தும் பெட்டகம்) பற்றி ஒரு கேள்வி கேட்கும்: "ஒய்" அமுக்கினால் ரீசெட், "என்" அமுக்கினால் பழையபடி. அவசரத்தில் ஒய் தட்டிவிட்டு, பிறகு விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறதே என்று எழுதுகிறார்கள். டிஸ்க்கைப் பூட்டிய சாவி அந்த எஃப்டிபிஎம்முக்குள் இருந்தது. நீங்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள், மாற்றுச் சாவி அந்த 48 எண்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருந்தால், அந்தக் கணக்கிலேயே பெரும்பாலும் பதிவாகியிருக்கும். போனில் திறந்து பாருங்கள். எங்குமே இல்லையென்றால் என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது.

கேள்வி: எதைக் கேட்டாலும் ராம், பயாஸ், செட்டிங் என்றே சொல்கிறீர்கள். அப்டேட் தப்பே செய்யாதா? மைக்ரோசாஃப்டுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: நன்றாகவே தப்பு செய்யும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகளை அடைக்க வந்த விண்டோஸ் அப்டேட், பழைய ஏஎம்டி பிராசசர் போட்ட சில மெசின்களை எழுந்திருக்கவே விடவில்லை. மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான ஃபைலால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படியே சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன. விமானங்கள்கூட நின்றன.

ஆனாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் இதில் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) முழுதாக அணைவதில்லை; அதை டிஸ்க்கில் மூட்டை கட்டி வைத்து, மறுநாள் அப்படியே அவிழ்க்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழு பூட். மூன்று வாரத்துக்கு முன் கெட்டுப்போன ஒரு டிரைவர் ஃபைல், அப்டேட் கேட்கிற அந்த ரீஸ்டார்ட்டில்தான் முதன்முதலாக வெளியே வரும். பழி அப்டேட்டுக்கு.

அதனால்தான் நின்ற இடத்தை முதலில் கேட்கிறேன். போர்டு லோகோ தாண்டி, விண்டோஸின் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தபின் விழுந்தால் அப்டேட்டைச் சந்தேகிக்கலாம். புள்ளி சுற்றும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை ரிப்பேர் திரை தானே வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" போங்கள். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட், அதை முதலில் நீக்குங்கள். பெரிய பதிப்பு மாற்றமானால் ஃபீச்சர் அப்டேட். அதைத் திருப்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம்.

கேள்வி: அப்டேட் வேலை நடக்கும்போதே பெட்டியைத் திறந்து, சும்மா கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன். விண்டோஸ் இருப்பது புது எஸ்எஸ்டியில்தான். ஆனால் இப்போது பூட் டிவைஸே இல்லை என்கிறது!

பதில்: "சும்மா கிடந்த" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம். எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்ட அன்று பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்தது. அதில் முன்பே ஒரு பூட் பார்ட்டிஷன் (தனியாகப் பிரித்த பகுதி) இருந்ததால், விண்டோஸ் தன் சாமான்களை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, வாசல் சாவியான பூட் ஃபைல்களை மட்டும் பழைய டிஸ்க்கில் வைத்துவிட்டது. 100 எம்பி அளவுள்ள குட்டிப் பார்ட்டிஷன், எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. வருஷக்கணக்கில் தினமும் காலையில் உங்கள் மெசினை எழுப்பியது அந்தப் பழைய டிஸ்க்தான்.

திரும்ப மாட்டுங்கள், உடனே எழுந்துவிடும். அப்படியே விடாமல், விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவை 300 எம்பி சுருக்குங்கள். கிடைத்த இடத்தில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைக் கொண்டு ஈஎஃப்ஐ வகைப் (பூட் ஃபைல்களுக்கான) பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, சி, டி போல ஓர் எழுத்தும் கொடுங்கள். டிஸ்க்பார்ட்டில் வேலை தொடங்குமுன் எந்த டிஸ்க்கைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று அளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் இடத்தையும் இந்தப் புது எழுத்தையும் கொடுத்தால், பூட் ஃபைல்கள் எஸ்எஸ்டிக்கே வந்துவிடும். அணைத்துவிட்டுப் பழையதைக் கழற்றலாம். நான் விண்டோஸ் போடும்போது மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவேன்; இந்த வம்பை ஒருமுறை நானும் பட்டிருக்கிறேன்.

கேள்வி: விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே பெட்டியில். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் "எஸ்பாட்", "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று இரண்டு வரி காட்டிவிட்டு மெசின் அணைந்துவிடுகிறது.

பதில்: 2024 ஆகஸ்ட் அப்டேட்டில் கிளம்பிய பிரச்சினை இது. பழைய, ஓட்டையுள்ள லினக்ஸ் பூட் ஃபைல்களை செக்யூர் பூட் (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் விடும் காவல்) ஏற்கக்கூடாது என்று ஒரு விதியை விண்டோஸ் பயாஸுக்குள் எழுதிவிட்டது. இரண்டு ஓஎஸ் இருக்கும் மெசின்களைத் தொடமாட்டோம் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, தொட்டுவிட்டது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டும் போடுங்கள், ஷிம் என்ற பேக்கேஜ் புதுசாகிறதா என்று கவனியுங்கள். பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம். பழைய லினக்ஸ் பென் டிரைவும் இதே காரணத்தால் மக்கர் செய்யும். புது ஐஎஸ்ஓ இறக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்டேட் முடிந்தபின் கர்னல் பேனிக், ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்கிறது உபுண்டு லினக்ஸ்.

பதில்: கிரப் மெனுவில் (ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் திரை) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், வந்துவிடும். வந்ததும் பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா பாருங்கள். தனியாகச் சின்னதாக ஒதுக்கியிருந்தால், பழைய கர்னல்கள் அடைத்துக்கொண்டு, புதியது எழுந்திருக்கும்போது முதலில் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் எழுதப்படாமலே போயிருக்கும். பழசில் ஒன்றிரண்டை நீக்கி, அந்த ஃபைலை மறுபடி உருவாக்கினால் போதும்.

கேள்வி: பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது, பயாஸ் செட்டிங்கும் மறந்துபோகிறது. அப்டேட்டினாலா அக்கா?

பதில்: இல்லை. போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. மாற்றுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றியதும் முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தப்பாக இருக்கும்வரை பிரௌசரில் பெரும்பாலான தளங்களும் திறக்காது, அடுத்த அப்டேட்டும் இறங்காமல் போகலாம்.