‘வென்ட்’: காற்றுக்கு ஒரு சொல், கோபத்துக்கு வேறு சொல்

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த வாரம் ஒரு பிரஷர் குக்கர் கையேடு, ஓர் அலுவலகச் சுற்றறிக்கை, ஒரு சிறுகதை என்று மூன்று வேலைகள். மூன்றிலும் ‘வென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. அகராதியில் ‘துவாரம், வெளியேற்று’ என்று போட்டிருக்கிறது. ‘அவள் தன் கோபத்தை வெளியேற்றினாள்’ என்று எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே சொல் உண்டா?

பதில்: இல்லை, தேடவும் வேண்டாம். ஆசிரியர் சுழித்தது சரிதான். கழிவுநீரை வெளியேற்றலாம், கூட்டத்திலிருந்து ஆளை வெளியேற்றலாம். கோபத்தை யாரும் வெளியேற்றுவதில்லை.

முதலில் குக்கரை முடித்துவிடுவோம். அங்கே ‘துவாரம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மூடியில் சேஃப்டி வால்வு இருப்பதும் ஒரு துளையில்தான். நீங்கள் சொல்லவேண்டியது வெயிட் உட்காருகிற அந்தச் சின்னக் குழாயை. துவரம்பருப்பு நுரைத்துப் பொங்கினால் அடைத்துக்கொள்வது அதுதான். ‘குக்கரை மூடும் முன், ஆவி வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்’ என்று எழுதுங்கள். சமைக்கிறவருக்கு உடனே புரியும்.

இந்தச் சொல்லின் வேர், காற்று என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘வென்டுஸ்’. வென்டிலேட்டரும் அதே குடும்பம். நம்மிடமும் காற்றை வைத்துப் பிறந்த அழகான சொல் ஒன்று உண்டு: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகர மாளிகைகளுக்கு ‘மான்கண் காலதர்’ இருக்கிறது, அதாவது மானின் கண்போன்ற சாளரம். ஆங்கிலத்தின் ‘விண்டோ’வும் ‘காற்றின் கண்’ என்ற பழைய நார்ஸ் (வட ஐரோப்பியப் பழைய மொழி) சொல்லிலிருந்து வந்ததுதான். இருவருக்கும் கண் எப்படித் தோன்றியதோ! (கையேட்டில் காலதர் என்று எழுதிவிடாதீர்கள்.)

அடுத்து உணர்ச்சி. உங்களுக்கு இடறியது இங்கேதான். ஆங்கிலத்தில் கோபம் உள்ளேயிருக்கும்போதும் ஆவி, வெளியே வரும்போதும் ஆவி. தமிழில் பாதி வழியிலேயே அது தண்ணீராக மாறிவிடுகிறது. அடைபட்டுக் கிடக்கும்வரை மனப்புழுக்கம். காற்றில்லாத அறையில் வியர்க்கும் அதே புழுக்கம்தான், நெல்லைப் புழுக்குவதும் இதே வேர். ஆனால் வெளியே வரும்போது கொட்டுகிறோம், கொட்டித் தீர்க்கிறோம். அதற்கு வேண்டியது வடிகால். ஆகவே சுற்றறிக்கையில் ‘உங்கள் மனக்குறைகளை இங்கே தயங்காமல் கொட்டலாம்’ என்றால் போதும். அது கொஞ்சம் வீட்டுப்பேச்சாகத் தெரிந்தால் ‘மனம்விட்டுச் சொல்லலாம்’ என்று போடுங்கள்.

கதைக்கு இது போதாது. அவள் யாரிடம், யார்மேல் என்று பாருங்கள். தோழியிடம் என்றால் கொட்டித் தீர்த்தாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், கேட்பவர் பாதி காதில் வாங்குகிறார் என்றால் புலம்பினாள். தொல்காப்பியம் புலம்புக்குத் தரும் பொருள் தனிமை. பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாகப் பேசுகிற நிலை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படும். மேலாளர்மேல் உள்ள எரிச்சல் பிள்ளைமேல் விழுகிறதா? அப்படியானால் ‘ஆபீஸ் கோபத்தைப் பிள்ளைமேல் காட்டினாள்’. வாயே திறக்காமல் நின்றால் குமுறினாள். எரிமலையும் குமுறும், இடியும் குமுறும்.

தடுக்கிவிடும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கதையில் யாராவது கோட் போட்டிருந்தால், அதன் பின்பக்க அடிவிளிம்பில் இருக்கும் பிளவுக்கும் ‘வென்ட்’ என்றே பெயர். அதற்கும் காற்றுக்கும் உறவில்லை; பிளவு என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல் இப்படித் திரிந்து நிற்கிறது. இன்னொன்று, ‘அப்பாவை வென்ட்டில் போட்டிருக்கிறார்கள்’ என்று வந்தால் அது செயற்கை சுவாசக் கருவி. வெறுமனே வென்டிலேட்டர் என்றாலும் புரியும்தான். ஆனால் நம் வீடுகளில் குளியலறைச் சுவரின் உச்சியில் இருக்கும் கண்ணாடிப்பட்டை ஜன்னலுக்கும் அதே பெயர் என்பதால், முதல் தடவையாவது ‘மூச்சுக்கு வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதிவிடுங்கள்.