பின்னால் வழுக்கும் ஸ்கீ, உதிரும் பூட்: வாசகர் கேள்விகள்

வழுக்கல் பற்றிய கடிதங்கள் கொஞ்ச நாளாகவே சேர்ந்து கிடக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வேலைக்கும் படிப்புக்கும் பனி நாடுகளுக்குப் போனவர்களுடையவைதான் அதிகம். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் ஓசூர், இப்போது ஃபின்லாந்தில் வேலை. சமதளப் பனியில் நடந்து சறுக்க, காலில் மாட்டுகிற நீளப் பலகையான ஸ்கீயை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அடியில் மீன் செதில் மாதிரி வெட்டு இருக்கிறது. 'இதுக்கு மெழுகே வேண்டாம்' என்றார்கள். சின்ன ஏற்றத்திலும் பின்னால் வழுக்குகிறது. சில நாள் அடியில் பனி கட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இன்னும் இல்லை. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு.

முதலில் பனி கட்டுவது. வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் இந்தத் தொல்லை அதிகம். வெயில் பட்ட ஈரப் பனியில் போகும்போது செதிலுக்குள் தண்ணீர் தங்கும். மர நிழலில் கிடக்கும் குளிர்ந்த பனியில் கால் வைத்ததும் அது உறையும். அதன் மேல் பனி ஒட்டிக்கொண்டே போகும். வீட்டுக்குள் இருந்த ஸ்கீயைச் சூட்டோடு கொண்டுபோய்ப் பனியில் வைத்தாலும் இதே கதைதான். கொஞ்ச நேரம் வெளியே சாய்த்து வைத்து ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முன் செதில் பகுதியில் பனி ஒட்டாமல் தடுக்கும் திரவத்தைத் தடவி, உலர்ந்ததும் நைலான் பிரஷ்ஷால் முனையிலிருந்து வால் பக்கமாகத் தேய்த்துவிடுங்கள். ஃபுளோரின் கலந்த பழைய சரக்கை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2023-24 சீசனிலிருந்து சர்வதேசப் போட்டிகளிலேயே அதற்குத் தடை.

மெழுகு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பிடிப்புக்கான மெழுகுதான் வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் வழுவழுப்பாக இருக்கிறதே, அங்கே சறுக்கு மெழுகு போட்டே ஆக வேண்டும். அந்த மெழுகை உருக்கிச் செதிலுக்குள் விட்டுவிடாதீர்கள், வெட்டெல்லாம் அடைந்துவிடும்.

அடுத்தது பின்னால் வழுக்குவது. தடத்தில் முன்னால் போனவர்களின் ஒட்டு மெழுகு, மரப்பிசின், ஊசியிலை எல்லாம் செதிலில் ஏறியிருக்கும். ஸ்கீ அடிப்பாகத்துக்கென்று விற்கும் கிளீனரால் துடைத்துப் பாருங்கள். அப்புறம் விரலை வாலிலிருந்து முனையை நோக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு செதிலின் விளிம்பும் நகத்தில் தட்ட வேண்டும். தட்டாமல் வழவழவென்று போனால் தேய்ந்துவிட்டது என்று பொருள். விளிம்பு நன்றாக இருந்தும் வழுக்கினால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

மகள் நார்வேயில் படிக்கிறாள். ஆன்லைன் கடையில் உயரத்தை மட்டும் கேட்டு ஒரு ஜோடி அனுப்பினார்கள். உயரம் 165 செ.மீ., எடை 46 கிலோ. அதே ஸ்கீ அவள் தோழிக்கு நன்றாகப் பிடிக்கிறது, இவளுக்கு வழுக்குகிறது. பழகினால் சரியாகிவிடுமா? (கிருஷ்ணகிரி)

பழக்கத்தில் பாதி சரியாகும். மீதி, கடைக்காரர் கேட்காமல் விட்ட கேள்வியால் வந்தது. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த வகை ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் போல மேலே எழும்பி நிற்கும். செதில் இருப்பது அங்கேதான். இரண்டு காலிலும் சமமாக நின்று சறுக்கும்போது அது பனியை அழுத்தக் கூடாது. ஒரு காலில் முழு எடையையும் கொடுத்து உந்தும்போது மட்டும் வளைவு தட்டையாகி, செதில் பனியைக் கவ்வ வேண்டும். ஸ்கீயின் விறைப்பும் ஆளின் எடையும் பொருந்தினால்தான் இது நடக்கும். 46 கிலோ பெண்ணுக்கு 65 கிலோ ஆளுக்கான ஸ்கீயைக் கொடுத்தால் எவ்வளவு மிதித்தாலும் வளைவு இறங்காது, செதில் பனியைத் தொடாது. எடை கூடின ஆளுக்கு விறைப்பு குறைந்த ஸ்கீ கொடுத்தால் செதில் எந்நேரமும் உரசும். வேகமும் போகும், செதிலும் சீக்கிரம் தேயும். தயாரிப்பாளர்கள் இதற்காகவே எடை அட்டவணை போடுகிறார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடுவது வியாபாரமே இல்லை. வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். சமமான கெட்டித் தரையில் ஸ்கீயை மாட்டி நிற்கட்டும். தோழி ஒருத்தி பாதத்துக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து இழுக்கட்டும். இரண்டு காலிலும் நிற்கும்போது தாள் தாராளமாக நகர வேண்டும். ஒரே காலில் முழு எடையையும் போட்டால் தாள் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் நகர்ந்தால் ஸ்கீ அவளுக்கு விறைப்பு அதிகம். அதை வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள். எடை சொல்லும்போது குளிர் உடுப்பும் முதுகுப் பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேய்ந்த செதிலைக் கத்தியால் கீறிப் புதுப்பிக்கலாமா? (பர்கூர்)

கூடவே கூடாது.

ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீ வாங்கினேன். வீடியோ பார்த்து அடி முழுக்க மெழுகு போட்டு, அயர்ன் பாக்ஸால் தேய்த்தேன். பட்டை விறைத்து, பிடிப்பே இல்லை. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? பில் எங்கே என்று தெரியவில்லை. (தருமபுரிக்காரர், ஸ்வீடனிலிருந்து)

எதற்காக வழக்கு? ஸ்கீயோடு வந்த குறிப்புத் தாளைப் பிரித்தீர்களா? அந்தப் பட்டை பெரும்பாலும் மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமம். ரோமம் பின்பக்கம் பார்த்துப் படுத்திருப்பதால்தான் முன்னால் வழுக்கி, பின்னால் பிடிக்கிறது. அதில் மெழுகை உருக்கி ஊற்றினால் ரோமம் எப்படி நிமிரும்? பட்டைக்கென்று தனி கிளீனரும், ஈரம் ஏறாமல் தடுக்கும் ஸ்ப்ரேயும் இருக்கின்றன. கிளீனரால் துடைத்துப் பாருங்கள். தேறவில்லை என்றால், சில மாடல்களில் பட்டையை மட்டும் மாற்றலாம். கடையில் கேளுங்கள். பில்லையும் தேடுங்கள், ஐயா.

குல்மார்க் டூருக்காக ஆன்லைனில் பனி பூட் வாங்கினேன். பெட்டி பிரிக்காத புதுசு. மூன்றாம் நாளே அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. பனியில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. 'பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். நான்தான் பார்த்து வாங்கியிருக்க வேண்டுமா? (பாலக்கோடு வாசகி)

இல்லை அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மணிக்கட்டை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே வருஷக்கணக்கில் உள்ளுக்குள் சிதையும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். நானும் இப்படி ஒரு மலையேற்ற ஷூ வாங்கினேன். முதல் நடையிலேயே குதிகால் கறுப்பு மாவாகக் கொட்டியது. கடையில் எத்தனை வருஷம் கிடந்த சரக்கோ, அவர்கள் சொல்லவில்லை. பெட்டியிலோ ஷூ நாக்கின் உள்பக்கமோ தயாரிப்பு மாதம் இருக்கிறதா என்று இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். உதிர்ந்த துண்டு, பெட்டி லேபிள், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இதற்கிடையே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் செய்து பதிவு செய்யுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியலுக்குப் போகிறோம். பாறையில் வழுக்காத செருப்பு எது? (பென்னாகரம்)

எண்ணெய்க் காலுக்கு எதுவும் நிற்காது. சீயக்காய் போட்டுக் காலைக் கழுவிவிட்டு, பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பாசி படிந்த பாறைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.