பேஸ் 2-க்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: கோவைக்கு மேற்கே, மலையடிவாரப் பக்கம் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் 2019-ல் வீடு வாங்கி நானும் மனைவியும் இருக்கிறோம். வாங்கும்போது மொத்தமே 64 வீடு. இப்போது பக்கத்து நிலத்தில் பேஸ் 2, அதாவது இரண்டாம் கட்டம் என்று 150 வீடு எழும்புகிறது, போதாததற்கு எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்திலும் ஒரு கட்டடம் வரப்போகிறதாம். சாப்பாட்டு ஹால் அதேதான், ராத்திரி நர்ஸ் அதே ஒருவர்தான். தண்ணீர் பாதி நாள் லாரியில் வருகிறது. 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு படிவம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி என்கிறார்கள். என்ன செய்வது? (72 வயது வாசகர்)

பதில்: போடாதீர்கள் சார். "எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி" என்பதை உங்கள் எதிர்வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

வேலை வெட்டி இல்லாமல் யாரும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏற மாட்டார்கள். உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் காரணம். அப்ரூவலான பிளானைக் காட்டி வீட்டை விற்ற பிறகு, அந்தக் கட்டடங்களிலோ பொது இடங்களிலோ எதையாவது மாற்றவோ கூட்டிக் கட்டவோ வேண்டுமென்றால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பில்டர் கையில் இருக்கும் வீடுகளுக்கு ஓட்டு கிடையாது. ஒருவரே தன் பேரிலும் குடும்பத்தார் பேரிலுமாக நாலு வீடு வாங்கியிருந்தாலும் ஒரே ஓட்டுதான். உங்கள் 64 வீடும் தனித்தனி ஆட்களுக்கு விற்றிருந்தால் 43 சம்மதம் வேண்டும், அதாவது 22 பேர் மறுத்தாலே கதை முடிந்தது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் 'பில்டர் பிற்காலத்தில் செய்யும் மாற்றங்களுக்கு இப்போதே சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருந்தாலும் மிரள வேண்டாம்; எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் செல்லும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

இதில் முதியோர் குடியிருப்புகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீடு யார் பேரில் இருக்கிறது? குடியிருப்பது அப்பா அம்மா, பத்திரத்தில் இருப்பது சியாட்டிலில் இருக்கும் மகன் அல்லது சிங்கப்பூரில் இருக்கும் மகள் என்று நிறைய வீடுகளில் பார்க்கிறேன். சட்டப்படி சம்மதம் கேட்க வேண்டியது பத்திரத்தில் பெயர் உள்ளவரிடம். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கப்போவது என்னவோ நீங்கள்தான், ஆனால் மகனுக்கு ஒரு மின்னஞ்சல் போகும், அவரும் ஏதோ வழக்கமான பேப்பர் என்று நினைத்து 'ஓகே' என்று பதில் போட்டுவிடுவார். இன்றைக்கு ராத்திரியே 64 வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவரவர் வீட்டிலிருந்து ஒரு போன் போக வேண்டும். உங்கள் வீடும் மகன் பேரில் என்றால் மறுப்புக் கடிதத்தை அவர்தான் எழுத வேண்டும்.

சரி, இனி கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் கேள்வியில் இரண்டு கட்டுமானங்கள் சேர்ந்து கிடக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சண்டைக்குப் போனால் இரண்டிலும் தோற்பீர்கள். பக்கத்து நிலத்தில் வரும் 150 வீடு தனிச் சர்வே எண்ணில், தனி ரெரா பதிவோடு வருகிறது என்றால் அதை உங்களால் தடுக்க முடியாது. கட்டம் கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனி புராஜெக்ட், தனித்தனியாகப் பதிய வேண்டும் என்பதுதான் சட்டம். அங்கே வாங்குகிறவர்கள்தான் அந்த புராஜெக்டுக்குச் சொந்தக்காரர்கள். உங்கள் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. பின்பக்கத் தோட்டம் அப்படியில்லை. அது உங்கள் பிளானுக்குள் திறந்தவெளி என்று காட்டப்பட்டிருந்தால் 14-ஆம் பிரிவு நேராக வந்து நிற்கும். அப்புறம், இடம் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் என்பார்கள். உங்கள் தோட்டம் அந்த ஓஎஸ்ஆர் இடமாக இருந்தால் அதில் கட்டடம் கட்ட பில்டருக்கு உரிமையே கிடையாது.

பிளானைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது, நீங்களும் பார்க்காமல் பேசாதீர்கள். சில வருடம் முன்பு இதே மாதிரி ஒரு குடியிருப்பில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அப்ரூவல் பிளானை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து உட்கார்ந்தோம். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் படித்தார். விற்பனைப் புத்தகத்தில் பச்சைப் பசேலென்று மரம், பெஞ்சு, புறா எல்லாம் வரைந்திருந்த அதே இடத்தில், பிளானில் 'ஃபியூச்சர் டெவலப்மென்ட்' என்று எழுதியிருந்தது. ஹாலே அமைதியாகிவிட்டது. அப்படி இருந்தாலும் முழுக்கத் தோல்வி என்று அர்த்தமில்லை. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, அது பொய்யாகி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ரெராவின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அந்தப் பளபளப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள், பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

பிளானுக்கு எங்கே போவது? தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் புராஜெக்ட் விவரம் வரும். அதில் கிடைக்காததை டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்கக அலுவலகத்தில் 10 ரூபாய்க்கு தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பக்கத்திலேயே உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தை வைத்துக்கொண்டு சர்வே எண்ணையும் யுடிஎஸ் அளவையும், அதாவது பொது நிலத்தில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த பிரிக்கப்படாத பங்கையும் ஒப்பிடுங்கள். எல்லா வீட்டு யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த நிலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறதா, இல்லை பெரிய துண்டு ஒன்று பில்டர் பேரில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் அந்தத் துண்டில்தான் புதுக் கட்டடத்தை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். மலையடிவாரம் என்கிறீர்கள், உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ஹாகாவின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அந்த அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். பேஸ் 1, பேஸ் 2 என்று துண்டு போட்டுக் காட்டி இதிலிருந்து நழுவப் பார்ப்பது பழைய வித்தை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நொய்டா இரட்டைக் கோபுரத்தைத்தான் சொல்வேன். திறந்தவெளி என்று காட்டிய இடத்தில் இரண்டு கோபுரம் எழும்பியது. குடியிருப்போர் சங்கம் 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது, 2014-ல் ஜெயித்தது, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இடிக்கச் சொன்னது, 2022 ஆகஸ்ட் 28 அன்று ஒன்பது நொடியில் இரண்டும் மண்ணாகின. குடியிருப்பவர்களின் சம்மதத்தைக் கேட்காததும் அந்தத் தீர்ப்பில் ஒரு முக்கியக் காரணம். ஆனால் பத்து வருஷம் ஆனது சார். 72 வயதில் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும், அதனால்தான் தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறேன்.

ஆனாலும் என்னைக் கேட்டால், உங்கள் நிஜப் பிரச்சினை கட்டடமே இல்லை. 64 வீட்டுக்காகப் போட்ட சமையலறையும் ஒரே நர்ஸும் ஒரு சம்பும் 214 வீட்டுக்குப் போகப்போகிறது, பிரச்சினை அதுதான். மதியம் சாப்பாடு இரண்டு பந்தியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டவர் ஒன்றரை மணிப் பந்திக்குக் காத்திருக்க முடியுமா? வாக்கரை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, உட்கார நாற்காலி கிடைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எண்பது வயது அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு பாத்ரூமிலிருந்து அவசர மணி ஒரே நேரத்தில் அடித்தால் அந்த ஒரு நர்ஸ் எந்தப் பக்கம் ஓடுவார்? தண்ணீரும் அப்படித்தான். சப்பைத் தண்ணிக்கு, அதாவது புழங்குகிற உப்புத் தண்ணிக்கு இன்னும் நாலு போர் போட்டுக்கொள்ளலாம், குடிக்க நல்ல தண்ணிக்கு எத்தனை வீட்டுக்கு இணைப்பு வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், உடனே பேச்சை மாற்றுவார்கள்.

வளர்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 64 வீடு சேர்ந்து முழுநேர டாக்டருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, 214 வீடு கொடுக்க முடியும். செக்யூரிட்டி, மேனேஜர், ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் டிரைவர் செலவெல்லாம் வீடு கூடக் கூட அதே அளவில் கூடுவதில்லை. அப்படியென்றால் ஒன்று உங்கள் மெயின்டனன்ஸ் குறைய வேண்டும், இல்லை ஆள் கூட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நடுவில் பணம் எங்கேயோ போகிறது. கணக்கைக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த கார்பஸ், அதாவது பராமரிப்புக்கான வைப்புத் தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது, புதிதாக வருகிறவர்களும் கொடுக்கிறார்களா, ஹால் உங்கள் பேஸில் கட்டியது என்றால் அதை அவர்களும் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் உங்கள் பலமே இருக்கிறது. ஹால் உங்கள் புராஜெக்டின் பொது இடம், அதை 150 வீட்டுக்குத் திறந்துவிட அவர்களுக்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். தோட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், பேஸ் 2-க்குத் தனிச் சமையலறையோ ஹால் விரிவாக்கமோ, ராத்திரிக்கு இரண்டாவது நர்ஸோ கேட்டு, எல்லாவற்றையும் புது வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன் என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அது வெறும் வழிகாட்டிதான், கட்டாயச் சட்டம் இல்லை, ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பிரதி இருப்பது நல்லது.

இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். அசோசியேஷன் பதிவாகவில்லை என்றால் முதல் வேலை அதுதான், 2024-ல் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் பதியலாம். பில்டரின் மேனேஜரே செயலாளராக இருக்கும் சங்கம் சங்கமில்லை. 2017-க்கு முன்பே பணி முடிப்புச் சான்று வாங்கிய குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு ரெரா பெரும்பாலும் உதவாது, அவர்கள் நுகர்வோர் ஆணையம் அல்லது சிவில் கோர்ட்தான். 2019-ல் வாங்கிய உங்களுக்கு அனேகமாக ரெரா பொருந்தும், பதிவு எண்ணை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படிவத்துக்குப் பதில் கடிதம் அரைப் பக்கம் போதும். மாற்றப்பட்ட பிளானின் நகல், பேஸ் 2-வின் ரெரா பதிவு எண், தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் என்ன ஏற்பாடு, இந்த மூன்றும் வரும்வரை சம்மதம் இல்லை என்று எழுதுங்கள். "பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று படிவத்தின் அடியில் ஒரு வரி இருக்கும், அதை ஏற்கவில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்களும், விவரம் காட்டாமல் வாங்கிய சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதே வாரத்தில் எழுதி அனுப்பட்டும்.